மஞ்சள் பையில் வந்த நன்கொடை

"இந்தப் பணம் பிள்ளைங்க படிப்புக்கே போய்ச் சேருமா, நைனா?"

சித்தூர்ப் பக்கத்திலிருந்து காட்பாடிக்கு வந்த பெரியம்மா, இன்று காலை என் முன்னால் மஞ்சள் பையைப் பிரித்துக்கொண்டே கேட்டார்கள். பெரியப்பாவின் நினைவாக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) நன்கொடை கொடுக்கச் சேர்த்த பணம் அது. ரப்பர் பேண்டு இறுக்கிய இடத்தில் நோட்டுகள் ஒடுங்கிப் போயிருந்தன.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதால், வங்கி வழியாகவே செலுத்தலாம் என்றேன். அதைவிட முக்கியம், மாணவர் உதவித்தொகைக்கா, ஆராய்ச்சிக்கா, ஏழை நோயாளிக்கா என்பதைக் காசோலையோடு கடிதத்தில் எழுதிவிடுவது. மூலதன நிதியாகக் கொடுத்தால், முதல் அப்படியே இருக்க, அதன் வருமானம் மட்டும் ஆண்டுதோறும் செலவாகும். பெரியம்மாவுக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

வேலூரில் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கி, சி.எம்.சி.யை நிறுவிய அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடருக்கு, 1902இல் மருத்துவமனை கிடைத்ததுகூட ஒரு நினைவுக் கொடையால்தான். ஷெல் என்ற அமெரிக்கர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கே தொடங்கியது.

கடிதத்தை நான் எழுதினேன். "நர்ஸ் படிக்கிற பொண்ணுக்கு" என்ற வரியை மட்டும் பெரியம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.