சப்பாத்து வாய் பிளந்த ஞாயிற்றுக்கிழமை

தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறுகிற ஆள் நான். 2012ல் புதுக் கோயில் திறந்ததிலிருந்து, கோவிட் காலம் நீங்கலாக, ஒரு வருடம்கூட விட்டதில்லை. அதனால் மலையேறுவது பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை ஒரு விருந்தில் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. என் மனைவியின் தம்பி கோழிக்கறியிலிருந்து தலையைத் தூக்கி, "படி வேற, மலை வேற மாமா. ஞாயித்துக்கிழமை வாங்க, மூன்கேட்ல ஏறி ஜீப் டிராக்ல இறங்கலாம்" என்றான்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு வழி தெரியும். தாவரவியல் பூங்கா வாசலுக்குச் சற்று முன்னால் சாலையோரம் வட்டமாக ஒரு கல் வாசல் நிற்கும். அதுதான் மூன்கேட். அங்கிருந்து காட்டுக்குள் ஏறினால் 84 என்கிற ஓய்விடம். அங்கே ஜீப் சாலையில் சேர்ந்து, பூங்கா இருக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, காரை விட்ட இடத்துக்கே வரலாம். பினாங்கு மலையின் 833 மீட்டர் உச்சிவரை போகவேண்டியதில்லை. பாதி மலை போதும், என் வயதுக்கு அதுவே அதிகம்.

வெளிச்சம் வருவதற்குள் கிளம்பிவிட்டோம். தண்ணீர்மலைப் படி ஒவ்வொன்றும் ஒரே உயரம். கால் அதற்குப் பழகிவிடும், மனசு முருகனிடம் போய்விடும். இங்கே ஒரு அடி மரவேர், அடுத்தது வழுக்கும் களிமண், அதற்கடுத்தது முழங்கால் உயரப் பாறை. ஒவ்வொரு அடிக்கும் கீழே பார்த்தே ஆகவேண்டும். இருபது நிமிடத்தில் சட்டை பிழியப் பிழிய நனைந்தது. எழுபது வயதிருக்கும் ஒரு சீன அங்கிள் சிங்கிளெட் போட்டு, கையில் ரேடியோவோடு எங்களைக் கடந்து போனார். எதிரே இறங்கி வந்தவர்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "சிகிட் லாகி", இன்னும் கொஞ்சம்தான். மலேசியக் காடுகளில் அதிகம் சொல்லப்படும் பொய் இதுதான்.

வழியில் லோத்தோங் என்கிற குரங்குக் கூட்டம் ஒன்றைப் பார்த்தோம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி. குட்டி மட்டும் பளீரென்று ஆரஞ்சு நிறம்.

84ல் இலவசமாகத் தேநீர் கிடைக்கிறது. மலையேறுகிறவர்களே முறைபோட்டுப் போட்டு வைக்கிறார்கள். உண்டியலில் விருப்பப்பட்டதைப் போடலாம். இரண்டு டம்ளர் தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், நாலு பிஸ்கட். ஏறி முடித்தாகிவிட்டது, இனி இறக்கம்தானே என்று எனக்குப் பழைய கர்வம் திரும்பி வந்தது.

ஜீப் சாலை நடப்பதற்கென்று போட்ட சாலை இல்லை. மேலே குடியிருப்பவர்களின் ஜீப்புகள் முக்கி முனகி ஏறுகிற சாலை. அவ்வளவு செங்குத்து. இறங்கும்போது கால்விரல் பத்தும் சப்பாத்தின் முனையில் போய் முட்டும், முட்டி நடுங்கும். சிலர் பின்பக்கமாகத் திரும்பி நடக்கிறார்கள். நான் முதலில் சிரித்தேன், மூன்றாவது வளைவில் நானும் திரும்பிக்கொண்டேன்.

அங்கேதான் என் வலது சப்பாத்து வாயைப் பிளந்தது. அடிப்பாகம் முழுசாகக் கழன்று, தவளை நாக்கு மாதிரி தொங்கியது. பத்தடி போவதற்குள் இடதும்.

389 வெள்ளி, அதாவது ரிங்கிட், கொடுத்து வாங்கியது. கினபாலு மலைக்குப் போவதற்கென்று 2019ல் எடுத்தேன், அப்புறம் எம்சிஓ என்கிற கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பெட்டியோடு அலமாரியில் வைத்தேன். புதுசுதானே என்று நினைத்திருந்தேன். சப்பாத்தின் நடுவே மெத்தென்று இருக்கும் பாலியூரித்தேன் பகுதி நம் ஊர் ஈரக்காற்றில் தானாகவே சிதைந்துபோகுமாம். போடாமல் வைத்திருந்தாலும் விடாது. வருடக்கணக்கில் உள்ளே உளுத்து, ஒருநாள் கால் வைத்ததும் மணலாக உதிரும். வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே நின்றபோது கடைக்காரனைத்தான் திட்டினேன்.

மச்சான் பையிலிருந்து ராஃபியா பிளாஸ்டிக் கயிறு எடுத்துச் சுற்றிக் கட்டினான். சாலையில் தேய்ந்து மூன்று தடவை அறுந்தது. மூன்று தடவையும் அவன்தான் குனிந்து கட்டினான். அப்போதுதான் அவன் காலில் இருந்ததைக் கவனித்தேன். அடிடாஸ் கம்போங், கிராமத்து அடிடாஸ் என்று கேலிப் பெயர். கறுப்பு ரப்பர், நாடா இல்லை, அடியில் குமிழ் குமிழாக. ஒரே வார்ப்பாக ஊற்றியது, ஒட்டுப்போட்ட இடமே கிடையாது, பிறகு எது பிரியும்? இருபது வெள்ளிக்குள் கிடைக்கும். இப்போது காட்டு ஓட்டப் பந்தயத்துக்கே இதைப் போட்டு ஓடுகிறார்கள்.

என் அப்பா சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இதே சப்பாத்துதான். விடிவதற்கு முன்னால் நெற்றி விளக்கோடு, ஈரச் சரிவில், நிரை நிரையாக ஏறி இறங்குவார். மத்தியானம் வந்ததும் கழுவி வாசல்படியில் கவிழ்த்து வைப்பார். அந்த ரப்பர்பால் நாற்றத்துக்காக, பள்ளி நண்பர்கள் வரும் நாளில் நான் அதைக் காலால் தள்ளிக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போவார்.

பூங்காவுக்குள் வந்ததும் ஆற்றோரப் பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டேன். கட்டைவிரல் நகம் இரண்டும் நீலமாகியிருந்தன. ஒரு காலத்தில் இது கருங்கல் வெட்டிய இடம். 1884ல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவர் பூங்காவாக ஆக்கினார். சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் குரங்கைத்தான் பார்த்தேன், ஆற்றைப் பார்த்த ஞாபகமே இல்லை.

வீடு திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாமில் ஒரு மளிகைக் கடையில் காரை நிறுத்தினேன். விளக்குமாறுக்கும் மண்வெட்டிக்கும் நடுவே, கொத்தாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்கார ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எஸ்டேட் கெர்ஜா கா?" என்றார், எஸ்டேட்டில் வேலையா என்று.

"பாப்பா சாயா" என்றேன், என் அப்பா என்று.

சைஸ் என்ன என்று கேட்டார். எட்டு. போட்டுப் பார்த்தேன், குதிகாலில் கொஞ்சம் கடித்தது. தடித்த காலுறை போட்டால் சரியாகும் என்று மச்சான் சொன்னான். இப்போது அது வாசல்படியில் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே கொண்டு வரக்கூடாது என்பது மனைவியின் உத்தரவு.