டீசலைக் குறைத்ததும் இழுத்த வண்டி: பிக்கப் நாட்குறிப்பு

2025 மே 5, கடலூர்

நேற்றுதான் கத்திரி ஆரம்பித்தது. இன்று விடியற்காலையில் பண்ருட்டியில் பலா ஏற்றினேன், ஒன்றேகால் டன் இருக்கும். நெல்லிக்குப்பம் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த பைக்கே தெரியவில்லை. அவ்வளவு கரும்புகை. அந்த ஆள் முந்திப் போகும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனார். மனசு கஷ்டமாகிவிட்டது.

போன மாதம் இழுவை இல்லை என்று, இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்பைப் பழுதுபார்க்கும் ஒரு கடையில் விட்டேன். பம்பின் முத்திரையை (சீல்) உடைத்து டீசலைக் கூட்டிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது போல இருந்தது, அப்புறம் பழைய கதைதான். ஜூன் 10-க்குள் எஃப்சி (தகுதிச் சான்று) வேறு காட்ட வேண்டும்.

மே 6

டீசல் கணக்கு நோட்டு என் மனைவியின் பொறுப்பு. ஜனவரியில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் வந்தது, இப்போது 9.2. "டீசலைக் கூட்டினீங்க சரி, அது எங்க போய் எரியுதுங்க?" என்று கேட்டாள். சரியான கேள்வி. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

என் இன்ஜின் நாலு சிலிண்டர், போர் (சிலிண்டர் விட்டம்) 97 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 100 மி.மீ., ஆக 2956 சிசி. காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கிடையாது, தானாக உறிஞ்சும் காற்றுதான். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை உறிஞ்சுவதால், 2000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 2956 லிட்டர் உறிஞ்சும். குழாய், வால்வு தடையெல்லாம் கழித்தால் 2500 என்று வைக்கலாம். நம்ம ஊர் வெயிலில் அதன் எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ டீசல் எரிய ஏட்டுக் கணக்கில் 14.5 கிலோ காற்று போதும். ஆனால் தெளித்த டீசல் காற்றோடு கலக்கக் கிடைக்கும் நேரம் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அதனால் 20 கிலோ காற்றாவது வேண்டும், 18-க்குக் கீழே போனால் கரிதான். அப்படிப் பார்த்தால் நிமிடத்துக்கு 145 கிராம் டீசலுக்குத்தான் என் இன்ஜினிடம் காற்று இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றுவதைத்தான் அந்த பைக்கில் வந்தவர் முகத்தில் அடித்திருக்கிறேன்.

மே 8

காற்று எங்கே தடைபடுகிறது என்று தேடினேன். ஃபில்டர் அழுக்குதான், ஆனால் அடைப்பு இல்லை. ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். உள்பக்கத் தோல் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து, மாட்டு நாக்கு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கையால் தள்ளினால் திரும்பச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது தெரியவே தெரியாது. லோடில் மிதித்து இன்ஜின் இழுக்க ஆரம்பித்ததும் அந்த நாக்கு எழுந்து பாதி வழியை மூடிவிடும். இழுவை குறைந்ததற்கு மூல காரணம் இதுதான். பம்பில் கை வைத்திருக்கவே வேண்டாம்.

புது ஹோஸ் போட்டாயிற்று.

மே 10

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளை போட்டு வெப்பமானி முனை ஒன்று பொருத்தினேன். டியூனிங்கில் கை வைக்கும் எவருக்கும் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். காது ஏமாறும், சூடு பொய் சொல்லாது. 700 டிகிரிக்கு மேல் ஏற்றத்தில் நீடித்தால் அலுமினிய பிஸ்டனுக்கு ஆபத்து. லோடோடு கேப்பர் மலை ஏறினேன்: 705. ஹோஸ் மாற்றிய பிறகே இது. புகை பாதிதான் குறைந்திருக்கிறது.

மே 11

மச்சான் வந்திருந்தார். பழைய இரும்புக் கடையில் ஒரு டர்போ கிடைக்கிறது, மாட்டிவிடலாம் என்கிறார். வேண்டாம் என்றேன். டர்போவுக்கென்று செய்யாத பிஸ்டனும் கேஸ்கெட்டும் அந்த அழுத்தத்தை எத்தனை நாள் தாங்கும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து வண்டியை மாற்ற விடாது. அவருக்கு வருத்தம்தான்.

மே 14, புதுச்சேரி

பம்பையும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாலு நாசிலையும் கழற்றிக்கொண்டு முதலியார்பேட்டையில் ஒரு பெரியவரிடம் போனேன். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினார். வரிசையாக நாலு கண்ணாடிக் குழாய். பெஞ்ச் 1000 ஸ்ட்ரோக் எண்ணி நின்றதும் டீசல் மட்டம் 54, 57, 53, 55 சிசி என்று ஏறுக்கு மாறாக நின்றது. பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, இது நாலு பேருக்கு நாலு விதமா பரிமாறின பந்தி" என்றார். 2000 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் என்பது சிலிண்டருக்கு 1000 ஸ்ட்ரோக்; என் 145 கிராமை நாலாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 36 கிராம். அவர் கணக்கும் என் கணக்கும் ஒன்றாகவே வந்தது: 44 சிசி. ஒவ்வொன்றாகத் திருகி, திரும்ப ஓட்டி, நாலு மட்டமும் ஒரே கோட்டில் நிற்கும்வரை விடவில்லை. மதியம் மூன்று மணி ஆகிவிட்டது, அவர் சாப்பிடவே போகவில்லை.

இரண்டாவது நாசில் 160 பார் அழுத்தத்திலேயே திறந்து, நுனியில் சொட்டு விட்டது. மற்ற மூன்றும் 200-க்கு மேல். அதற்குப் புது முனை போட்டு, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, பனி மாதிரி தெளிக்கும் வரை பார்த்தார்.

மே 16

பம்ப் மாட்டினேன். டைமிங்கை, அதாவது பம்ப் டீசல் அனுப்பத் தொடங்கும் நேரத்தை, சொட்டு பார்த்தே வைத்தேன். முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு வளைந்த குழாய் மாட்டி, கைப் பம்பை அடித்தால் டீசல் ஓடும். கிராங்கை மயிரிழை மயிரிழையாகத் திருப்பத் திருப்ப ஓட்டம் நூலாகும், நூல் சொட்டாகும், ஒரு இடத்தில் நின்றே போகும். நிற்கிற அந்தப் புள்ளிதான் பம்ப் டீசலை அனுப்பத் தொடங்கும் இடம். பழைய குறியில் மாட்டிப் பார்த்தபோது மூன்று டிகிரி தாமதமாக நின்றது. தாமதமாக எரியும் டீசலின் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் சைலன்சர் வழியாகப் போய்விடும். ஆறு முறை திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துத்தான் போல்ட்டை இறுக்கினேன். டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுத்து முடிக்க இருட்டிவிட்டது.

மே 17

டேப்பட், அதாவது வால்வு இடைவெளி. சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையில் திருப்பிப் பார்த்ததில் மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.10 மி.மீ. இலைகூட நுழையவில்லை. சரிசெய்தேன்.

காற்று எடுக்கும் வாயைப் பானட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்தேன். உள்ளே 60 டிகிரி, வெளியே 33. அந்த வித்தியாசத்திலேயே காற்றின் எடை சுமார் 9 விழுக்காடு கூடும்.

மே 19

அதே லோடு, அதே கேப்பர் மலை. மூன்றாவது கியரிலேயே ஏறியது. சூடு 590-ஐத் தாண்டவில்லை. டீசல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கிறது. மேலே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன், நாலு சிலிண்டரும் ஒரே தாளத்தில் அடித்தன.

ஜூன் 3

புகைச் சோதனை முடிந்தது. எங்கள் வண்டிக்கு வரம்பு 2.45, வந்தது 1.6. நோட்டில் இந்த வாரம் 12.4 என்று எழுதியிருக்கிறாள்.

நாலாவது நாசிலின் ரிட்டர்ன் குழாயில் லேசாக ஈரம் தெரிகிறது. செம்பு வாஷர் வாங்கி வைத்துவிட்டேன், லோடு இறக்கியதும் மாற்ற வேண்டும்.