அவுரித் தாழி: முத்தியால்பேட்டைப் பட்டறைக் குறிப்புகள்

ஜனவரி 6, 2025, திங்கள்

துணிக்கு நீலச் சாயம் ஏற்ற 20 லிட்டர் தாழி போட்டாயிற்று. அவுரிக் கட்டி (அவுரிச் செடியின் காய்ந்த நீலச் சாயம்) 200 கிராம், திண்டிவனம் பக்கத்துச் சரக்கு. நேற்றிரவே வெந்நீரில் ஊறவைத்து, இன்று அம்மியில் அரைத்தோம். விரலில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது. நறநறத்தால் அந்தத் துகள் கரையாமல் அடியிலேயே கிடக்கும், காசு வீண். நொதிக்கவைக்கத் தகரை விதை 200 கிராம், கொழகொழவென்று ஆகும்வரை வேகவைத்து, ஆறியதும் சேர்த்தது. காரத்துக்கு நீர்த்த சுண்ணாம்பு 100 கிராம்.

ஜனவரி 8, புதன்

நொதிப்பில் அசைவில்லை. நீர் இன்னும் நீலமாகவே இருக்கிறது. மார்கழிக் குளிரில் தாழி 24 டிகிரி. 30 இருந்தால்தான் நன்றாக நொதிக்கும். சாக்கு சுற்றி, அடியில் உமி கொட்டினோம். காலையும் மாலையும் ஒருமுறை கலக்கினால் போதும், அதுவும் நுரை எழாமல். தயிர் கடைவதுபோலக் கடைந்தால் காற்று புகுந்து ஆன வேலையும் கெடும்.

ஜனவரி 11, சனி

மேலே செம்பு நிற ஏடு. விலக்கிப் பார்த்தால் நீர் மஞ்சள் கலந்த பச்சை. தாழி எழுந்துவிட்டது, அதாவது நொதித்துச் சாயம் ஏற்றத் தயார். ஆனால் புளித்த வாடை. காரத்தாளில் (pH தாள்) 9 காட்டியது, வேண்டியது 10 முதல் 11. இரண்டு தேக்கரண்டி சுண்ணாம்பு மட்டும் போட்டோம். புதிதாகக் கற்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பயந்து ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார்கள், நொதிப்பு அப்படியே நின்றுபோகும். லேசாகப் புளித்த தாழி சீக்கிரம் திரும்பிவிடும். சுண்ணாம்பு மிஞ்சியதை மீட்க நாளாகும்.

ஜனவரி 12, ஞாயிறு

ஒரு கிலோ காடாத்துணியை 20 கிராம் சலவைச் சோடாவில் இரண்டு மணி நேரம் வேகவைத்துக் கஞ்சி போக்கினோம். சொட்டு நீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். நனைத்துப் பிழிந்த துணியை மெல்ல இறக்கி, நீருக்குள்ளேயே மடிப்பைப் பிரித்து, மூன்று நிமிடம். வெளியே எடுத்துப் பதினைந்து நிமிடம் காற்றாட விட்டால் பச்சை நீலமாகும். இப்படி நான்கு முறை முக்கி எடுத்தோம். நீண்ட நேரம் ஒரே முக்காக முக்க வேண்டாம். புதுச்சேரியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் செனகலுக்குக் கப்பலேறிய நீலத்துணியின் ஊர் இது; அந்த அடர்த்திக்கு நான்கு முக்கெல்லாம் காணாது.

ஒரு துண்டில் திட்டுத் திட்டாக வெள்ளை: மடிப்பு பிரியவில்லை. இன்னொன்றில் கரும்புள்ளி: அடி வண்டலில் துணி பட்டிருக்கிறது. அடுத்த முறை உள்ளே மூங்கில் கூடை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் என்று தாழிக்குத் தெரியுமா? கலக்கி, வேகவைத்த தகரை விதை ஒரு பிடி போட்டு மூடியாயிற்று. உலர்ந்த துணியைக் கொஞ்சம் வினிகர் கலந்த நீரில் அலசினால் சுண்ணாம்புக் காரம் போகும். வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்ததில் இரண்டாம் துண்டு மட்டும் நீலம் விட்டது. அதைச் சோப்பு நீரில் கொதிக்க விட வேண்டும்.