ஜாகுவார் எக்ஸ்ஜே220: ஒப்பந்தத் தகராறில் கெட்ட பெயர்

ஜாகுவார் எக்ஸ்ஜே220 என்ற பிரிட்டிஷ் சூப்பர் கார் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது ஒரே குற்றச்சாட்டுதான்: "வி12 தருகிறேன் என்று சொல்லி வி6-ஐத் தலையில் கட்டினார்கள்." (வி12 என்பது பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின், வி6 என்பது ஆறு சிலிண்டர் என்ஜின்.) முப்பது வருடமாக இந்த ஒரு வரி அந்தக் காரின் மீது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது பழைய சூப்பர் கார்களை நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள் பலர் அந்த வரியைத் தள்ளிவைத்துவிட்டு இயந்திரத்தை மட்டும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். என் முடிவும் அவர்களுடையதுதான். அன்று கெட்டது ஒப்பந்தம். கார் அருமையான கார். அதற்கும் குறைகள் உண்டு, ஆனால் ஊர் சொல்லும் குறைகள் வேறு, உண்மையான குறைகள் வேறு.

1988 அக்டோபரில் பர்மிங்காம் மோட்டார் கண்காட்சியில் இந்தக் கார் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது. ஜாகுவாரின் தலைமைப் பொறியாளர் ஜிம் ராண்டில், தன்னார்வமாக வந்த பொறியாளர்களோடு ஓய்வு நேரத்தில் உருவாக்கியது. வடிவம் கீத் ஹெல்ஃபெட்டுடையது. 6.2 லிட்டர் வி12, நான்கு சக்கர இயக்கம், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், 5.14 மீட்டர் நீளம். மணிக்கு 220 மைல் வேகம் என்ற இலக்குதான் பெயரிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு, டாம் வாக்கின்ஷாவின் டிடபிள்யூஆர் பந்தய நிறுவனமும் ஜாகுவாரும் சேர்ந்து நடத்திய ஜாகுவார்ஸ்போர்ட், அதிகபட்சம் 350 கார் என்று அறிவித்தது. முன்பணம் 50,000 பவுண்டு, அறிவித்த விலை 290,000 பவுண்டு. அது ஃபெராரி வாங்கிய மறுநாளே லாபத்துக்கு விற்ற காலம். வரிசையில் நின்றவர்களில் ஓட்ட நினைத்தவர்களைவிடக் கைமாற்ற நினைத்தவர்கள் அதிகம். 1990-ல் அந்தச் சந்தை சரிந்தது. விலையோ பணவீக்கத்தோடு கட்டப்பட்டிருந்ததால், கார் கைக்கு வந்த 1992-ல் 470,000 பவுண்டு வரை ஏறியிருந்தது. விஷயம் நீதிமன்றம் வரை போனது. பணம் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டவர்களும் உண்டு. விலக வழி தேடியவர்களுக்கு வி6 என்பது கையில் கிடைத்த நல்ல காரணம். அந்த வாதம் அப்படியே காரின் பெயராகிவிட்டது.

அந்த வி6 எப்படிப்பட்டது என்று பார்த்தால் இந்தப் புகாரில் பாதி கரைந்துவிடும். அதன் மூலம், குரூப் பி என்ற ராலிப் பந்தயப் பிரிவுக்காகச் செய்த மெட்ரோ 6ஆர்4 காரின் என்ஜின். டேவிட் வுட் வடிவமைத்தது. 1986-ஓடு குரூப் பி முடிந்ததும் அதன் உரிமையை டிடபிள்யூஆர் வாங்கி, இரட்டை டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பொருத்தி, எக்ஸ்ஜேஆர்-10, எக்ஸ்ஜேஆர்-11 பந்தயக் கார்களில் ஓட்டியது. எக்ஸ்ஜே220-க்கு வந்தபோது 94 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 84 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 3,498 சிசி, 24 வால்வு, டிரை சம்ப் (எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு), இரண்டு காரெட் டர்போ, ஸைடெக் கட்டுப்பாட்டு மின்னணு. திறன் 542 குதிரைத்திறன், முறுக்குவிசை 644 நியூட்டன் மீட்டர். லிட்டருக்கு 155 குதிரைத்திறன், அதுவும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு. 1992-ல் சாலைக் காரில் இது சாதாரணமான எண்ணிக்கை அல்ல. வி12-ஐ வைத்திருந்தால் புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடும் எடையோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சின்ன என்ஜின் வந்ததால் வீல்பேஸை (முன், பின் சக்கரங்களின் இடைவெளியை) 200 மி.மீ. குறைக்க முடிந்தது, முன் சக்கர இயக்கத்தையும் விட முடிந்தது. எடை 1,470 கிலோவில் நின்றது. எனக்குக் கேட்டால், கண்காட்சியில் நின்றது அழகான கனவு, ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரின் பிளாக்ஸமில் தயாரானது அதைவிட நல்ல கார்.

வேகக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1992-ல் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் பந்தய வீரர் மார்ட்டின் பிரண்டல் ஓட்டியபோது 212.3 மைல் வந்தது. கன்வெர்ட்டர்களைக் கழற்றி, சுழற்சி வரம்பை உயர்த்தியபின் 217.1 மைல், அதாவது சுமார் 349 கி.மீ. "220 வரவில்லையே" என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: நார்டோ முழு வட்டம். அந்த வேகத்தில் டயர் எப்போதும் சற்றுத் திரும்பிய நிலையிலேயே உருள்கிறது, அந்த உராய்வு வேகத்தைத் தின்கிறது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் பந்தய வீரர் ஜான் நீல்சன் ஒரு சுற்று ஓட்டிய 7 நிமிடம் 46.36 விநாடி, சாலைக் கார்களில் பல ஆண்டுகள் தாண்டப்படாத நேரம்.

இனி உண்மையான குறைகள். சுமார் 3,000 சுழற்சிக்குக் கீழே என்ஜின் தூங்கும். டர்போ விழித்ததும் மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டும். ஈரச் சாலையில், இழுவைக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத காரில், இது விளையாட்டு அல்ல. ஏபிஎஸ் கிடையாது. குளிர்ந்த நிலையில் பிரேக் மரக்கட்டையை மிதிப்பது போல இருக்கும், சூடேறிய பிறகே பிடிக்கும். கிளட்ச் கனம். கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாகும்வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். அந்த நேரத்தில் வலுக்கட்டாயமாகத் தள்ளினால் தேய்வது, கியர் மென்மையாக விழ உதவும் சிங்க்ரோ வளையம்தான். கண்ணாடிகளை மடக்கினாலும் அகலம் 2 மீட்டருக்கு மேல், ஸ்டியரிங் எல்லாக் காரிலும் இடப்பக்கம், சாமான் வைக்கப் பெயருக்கு ஓர் இடம். கார் நிற்கும்போது ஓடும் என்ஜின் சத்தமும் கரகரப்பானது. வி12-ன் இழைவை எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இதை மறைப்பதில் பொருளில்லை. பின்விளக்கு ரோவர் 200-லிருந்து வந்தது என்று கேலி செய்வதை மட்டும் நான் ஏற்பதில்லை. இந்தக் காரில் எளிதாகக் கிடைக்கும் உதிரிபாகம் அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

வாங்க நினைப்பவர் ஓடோமீட்டரைப் பார்த்து மயங்கக் கூடாது. குறைவாக ஓடிய எக்ஸ்ஜே220 பெரும்பாலும் அதிகம் செலவு வைக்கும் எக்ஸ்ஜே220. இதில் கெட்டுப்போகிற முக்கியமான பொருள்கள் எல்லாம் ரப்பர். ரப்பர் தூரத்தால் மட்டுமல்ல, வயதாலும் சாகும். முதலாவது டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதோடு என்ஜின் போச்சு. மாற்ற என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும் என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குத் தேதியோடு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெட்ரோல் தொட்டி. பந்தயக் காரில் இருப்பது போன்ற ரப்பர் பை இது. ஓட்டுநர் இருக்கைக்கும் என்ஜினுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. இதற்குக் காலாவதி உண்டு. இத்தகைய பைகளில் பெட்ரோல் அலம்பாமல் இருக்க உள்ளே வைக்கும் நுரைப் பஞ்சு, நாள்பட்டால் பொடியாக உதிரும். உதிர்ந்த துகள் வடிகட்டியை அடைக்கும், எரிபொருள் அழுத்தம் விழும். டர்போ என்ஜினில் முழு பூஸ்டில் அழுத்தம் விழுந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் உருகும். காரை இரவு முழுவதும் மூடிய இடத்தில் நிறுத்திவிட்டுக் காலையில் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். என்ஜின் வெளியே வரும்போது பை, பெல்ட், குளிர்நீர்க் குழாய்கள், டர்போ எண்ணெய்க் குழாய்கள், கிளட்ச் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடுவதுதான் சிக்கனம். தனித்தனியாகச் செய்தால் அதே வேலைக்கூலியை மறுபடி மறுபடி கொடுக்க வேண்டிவரும்.

மூன்றாவது, டயர். முன்னால் 255/45 17 அங்குலம், பின்னால் 345/35 18 அங்குலம். இந்த அளவு வேறு எதற்கும் அவ்வளவாகப் பயன்படாததால் நீண்ட காலம் புது டயரே கிடைக்கவில்லை. பல கார்கள் தொண்ணூறுகளின் ரப்பரிலேயே ஓடின. "பின்பக்கம் சொல்லாமல் வழுக்குகிறது" என்ற கெட்ட பெயரில் பெரும் பங்கு அந்தக் காய்ந்த டயருக்குத்தான் சேர வேண்டும். பின்னர் பிரிட்ஜ்ஸ்டோனும், அதற்குப் பிறகு பிரெல்லியும் இந்தக் காருக்கென்றே புதிதாக டயர் செய்தன. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017-ன் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தையது, அதில் ஓட்டிப் பார்க்கவே ஏறாதீர்கள்.

சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், அலுமினியத் தேன்கூட்டுத் தகடுகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. அது துருப்பிடிக்காது, ஆனால் அடிபட்டால் தட்டி நிமிர்த்த முடியாது. பின்பக்கம் அடியில் காற்றை இழுக்கும் வென்ச்சுரி வாய்களையும் கதவுக்குக் கீழ் உள்ள பெட்டிப் பகுதியையும் விளக்கடித்துப் பாருங்கள். ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்த பள்ளம், ஒட்டுக்கோடு பிரிந்த இடம், பிற்காலத்தில் அடித்த ரிவெட் ஏதாவது தெரிந்தால், இந்தக் காரைத் தெரிந்த பட்டறையின் எழுத்துப்பூர்வமான அறிக்கை இல்லாமல் பேரம் பேச வேண்டாம்.

முந்நூறுக்கும் குறைவாகவே தயாரான இந்தக் கார் 1994-ல் நின்றது. விற்காமல் கிடந்தவற்றை 1997-ல் வரி சேர்த்துச் சுமார் 150,000 பவுண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். இன்று நல்ல நிலையில் உள்ளவை அதைப்போல் இரண்டு மூன்று மடங்குக்குப் போகின்றன. அமெரிக்காவில் 25 ஆண்டு விதி 2017-லிருந்து இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது இதற்கு ஒரு காரணம்; டயர் கிடைக்கத் தொடங்கியது இன்னொரு காரணம். என் கணக்கில் இரண்டாவதுதான் பெரியது, ஏனென்றால் அதன் பிறகே இந்தக் காரைச் சரியான ரப்பரில் ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர்கள் வந்தார்கள்.