பின்னி ஆலைத் தொழிலாளர் நினைவுகளைப் பதிவு செய்யும்போது

சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அங்கே வேலை பார்த்தவர்கள் ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்புப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் சேர்ந்தவர்களுக்கே வயதாகிவிட்டது. தள்ளிப்போட நேரமில்லை.

“அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி?” என்று கேட்டால் “கஷ்டந்தான், வேற என்ன” என்பதோடு பேச்சு நின்றுவிடும். வேலையைக் கேளுங்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கா, நூல் நூற்கும் ரிங் பிரேமா, தறியா? ஒரு ஆளுக்கு எத்தனை தறி? இழை அறுந்தால் கை முதலில் எங்கே போகும்? தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவின் கண்ணில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்ததுண்டா? பதில் சொல்லும்போதே விரல்கள் அசையும். மேஸ்திரி, அபராதம், வராதவருக்குப் பதில் வேலை செய்யும் பதிலியாகக் காத்துக் கிடந்த காலம் எல்லாம் அதன் பின்னாலேயே வரும். திங்கட்கிழமை நெஞ்சு அடைத்ததா என்றும் கேளுங்கள். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் விடுமுறை கழிந்த முதல் நாளில்தான் அதிகம் படுத்தும்.

தறிக்கூடத்து இரைச்சலில் பலருக்குக் காது மந்தமாகியிருக்கும். உதடு தெரியும்படி எதிரே உட்காருங்கள். மின்விசிறிக் காற்று மைக்கில் பட்டால் பதிவு பாழ். சென்னை வெயிலில் அதை நிறுத்தச் சொல்லவும் முடியாது. சட்டையில் மாட்டும் மைக்கும் அதற்கு ஒரு பஞ்சு உறையும் போதும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். அதனால் ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம்.

வருஷம் கேட்டால் தடுமாறுவார்கள். எமர்ஜென்சிக்கு முன்னாலா, 1984இல் இந்திரா காந்தி இறந்தபோது எந்த ஷிப்ட், 1987இல் எம்.ஜி.ஆர். இறந்தபோது பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால் தெளியும். பி.எப். சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மிகுந்த கவனம் வேண்டியது 1921. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கியதைப் பேச யாருக்கும் தயக்கமில்லை. 1921 வேலைநிறுத்தம் அப்படியல்ல. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, அந்தப் பிளவு புளியந்தோப்புக் கலவரமாக வெடித்தது. தாத்தா, அப்பா வழியாகவே இன்று அது கிடைக்கும்; யார் சொல்லிக் கேட்டது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். ஒரே தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு இதுதான் நடந்தது என்று முடிவுகட்டுவது அநியாயம். சேரியிலும் கேளுங்கள், ஊர்த்தெருவிலும் கேளுங்கள். முஸ்லிம் குடும்பங்களை விட்டுவிடாதீர்கள். பொருந்தாத இடங்களை ஒட்டவைக்காமல் அப்படியே வையுங்கள்.

வீட்டுப் பெண்களிடம் தனியாகப் பேசவேண்டும். கணவர் பக்கத்தில் இருந்தால் அவரே பதில் சொல்லிவிடுவார். சம்பளத்தில் வீட்டுக்கு வந்தது எவ்வளவு, வட்டிக்கு வாங்கியது எவ்வளவு, எதை அடகு வைத்தார்கள் என்ற கணக்கு பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும்.

முடிந்ததும் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். கடன், குடி, சாதிச் சண்டை பற்றிய பகுதியை எடுக்கச் சொன்னால், எவ்வளவு அருமையாக இருந்தாலும் எடுத்துவிடவேண்டும்.