ஒண்ணாப்பு டீச்சர்

31 வருஷ சர்வீஸில் 26 வருஷம் ஒண்ணாம் வகுப்புதான். "பெரிய கிளாஸ் கேட்டு வாங்கக் கூடாதா டீச்சர்?" என்று கேட்காத தலைமையாசிரியர் இல்லை. எனக்கு வேண்டாம்.

நான் சேர்ந்தபோது சிலேட்டும் அதைத் துடைக்கக் கோவை இலையும். 2007-இல் செயல்வழிக் கற்றல் வந்து என்னை நாற்காலியிலிருந்து இறக்கிப் பாயில் உட்கார வைத்தது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணை, பாட அட்டைகள், பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. முதல் மாதம் திட்டித் தீர்த்தேன், முட்டி வலி வேறு. அப்புறம்தான் தெரிந்தது, கீழே உட்கார்ந்தால் யார் வெறுமனே வாயசைக்கிறார்கள் என்று பளிச்சென்று தெரிகிறது! இப்போது 'எண்ணும் எழுத்தும்' திட்டம். திட்டத்தின் பெயர் மாறும், வாழைப்பழத்தைப் பிள்ளைகள் 'வாயப்பயம் டீச்சர்' என்பது மட்டும் மாறாது.

நான் 'அ'வில் தொடங்குவதில்லை. ட, ப, ம. நேர்கோடு இழுக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சீக்கிரமே 'படம்', 'பட்டம்' வந்துவிடும்.

ஜூனில் கேட்டைப் பிடித்துத் தொங்கி அழுத ஒரு பொடியன் நேற்று எதிர்ப்பக்கத்துப் பழைய பெயர்ப்பலகையை முறைத்துக்கொண்டே நின்றான். திடீரென்று ஓடி வந்தான்.

"டீச்சர், அங்க யாரோ 'மடம்'னு எழுதிவச்சிருக்காங்க!"