சென்னிமலையில் ஓவியர் இளையராஜா

சென்னிமலைக்குப் போனது பெட்ஷீட் வாங்க, அப்படியே 1320 படி ஏறி முருகனையும் பார்க்க. ஈரோட்டில் பஸ் ஊரைத் தாண்டும்வரை வழியெல்லாம் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரப் பலகைகள்தான். எந்தப் புடவையானாலும் கட்டியிருப்பது வெளுத்த ஒரு பெண். பஸ்ஸில் என்னைச் சுற்றி இருந்த யாருக்கும் அந்த நிறம் இல்லை.

தறி பார்க்க வேண்டும் என்றதும் கடைக்காரர் பின்தெருவில் ஒரு வீட்டைக் காட்டினார். அண்ணன் குழித்தறியில் நெய்துகொண்டிருந்தார், அக்கா ராட்டையில் தார் (தறி நாடாவுக்குள் வைக்கும் ஊடைநூல் சுருள்) சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம். கருப்பாக, களையாக, வாசல் வெளிச்சம் பாதி முகத்தில் விழ உட்கார்ந்திருக்கும் பெண். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இளையராஜா வரைந்தது. (இசைஞானி இல்லை, கும்பகோணம் பக்கம் செம்பியவரம்பலில் பிறந்த ஓவியர்.)

"யாருங்கக்கா இது?"

"ஆருன்னு தெரியலீங். எங்க நங்கையா சின்ன வயசுல இப்படித்தான் இருப்பாங்க, அதான் ஒட்டி வெச்சேன்." (நங்கையா என்றால் கொங்குப் பக்கம் அண்ணி, நாத்தனார் முறை.)

போட்டோ இல்லை, எண்ணெய் வண்ணத்தில் கையால் வரைந்தது என்றபோது அக்கா நம்பவில்லை. எழுந்து வந்து முகத்தை ஒட்ட வைத்துப் பார்த்தார், தறியும் நின்றது. வரைந்தவர் 2021 ஜூனில் கொரோனாவில் போய்விட்டார், நாற்பதை ஒட்டிய வயதுதான் என்றேன். "அடக் கெரகமே" என்று அப்படியே நின்றார். அப்புறம் நங்கையாவுக்குக் கருப்பு என்றே ரெண்டு இடம் தட்டிப்போன கதையைச் சொன்னார்.

இளையராஜாவின் பெண்கள் ரொம்ப அழகு, உழைப்பின் களைப்பு தெரியாது என்று ஒரு விமர்சனம் உண்டு. பாதி நியாயம்தான், தார் சுற்றிக் காய்த்துப்போன இந்த விரல்களை அவர் படங்களில் அதிகம் பார்க்க முடியாது. ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று போன அதே நிறத்தை, புடவை மடிப்பு முதல் பித்தளைப் பாத்திரத்தில் மின்னும் வெளிச்சம் வரை அவ்வளவு பொறுமையாகத் தீட்டி, பார்க்கிறவர்களை நிறுத்தி வைத்தாரே, அது சின்னக் காரியமா? பெரிய ஓவியக்கூடத்தில் எத்தனையோ நல்ல படங்கள் இருக்கின்றன, அவற்றில் எது ஒரு நெசவாளி வீட்டுச் சுவர்வரை வந்திருக்கிறது?

போனில் அவருடைய மற்றப் படங்களைக் காட்டினேன். சமையல்கட்டுப் பெண் ஒருத்தியிடம் வந்ததும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதையப் பெருசா எங்கீங் வாங்கறது? நங்கையா மகளுக்கு அடுத்த மாசம் சீருங்க."

கும்பகோணத்து நண்பரிடம் விசாரித்திருக்கிறேன்.